ஜெட்ப்ளூ கைவிட்ட லாஸ் ஏஞ்சலஸ் வழித்தடங்கள்: மாற்று விமானமா, ரீஃபண்டா, பக்கத்து விமான நிலையமா?

2024 மார்ச்சில் அமெரிக்க விமான நிறுவனமான ஜெட்ப்ளூ ஓர் அறிவிப்பு விட்டது. லாஸ் ஏஞ்சலஸ் சர்வதேச விமான நிலையத்திலிருந்து (எல்.ஏ.எக்ஸ்.) தினமும் சுமார் 34 விமானங்களை இயக்கிவந்த அந்த நிறுவனம், ஜூன் மாதம் முதல் அதை 24 அளவுக்குக் குறைப்பதாகச் சொன்னது. சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் வேகாஸ், சியாட்டில், மயாமி, ரீனோ, கான்கூன் என்று பல ஊர்களுக்கான நேரடி விமானங்கள் ஒரே வீச்சில் போயின. கையில் டிக்கெட்டோடு இருந்தவர்களின் கேள்வி ஒன்றுதான்: நிறுவனம் தரும் மாற்று விமானத்தை எடுத்துக்கொள்வதா, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு வழி பார்ப்பதா?

இதே நிலைமை வேறு நிறுவனங்களிலும் வேறு நகரங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. லாஸ் ஏஞ்சலஸை உதாரணமாக எடுத்துக்கொண்டால் எல்லா வழிகளையும் எடைபோட்டுப் பார்க்கலாம். அங்கே போட்டி நிறுவனங்களும் அதிகம், சுற்றிலும் மாற்று விமான நிலையங்களும் அதிகம்.

## ரூட்டை ஏன் நிறுத்தினார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது

காரணம் தெரிந்தால் அந்த விமானம் திரும்ப வருமா என்று ஊகிக்கலாம். காத்திருப்பதா வேண்டாமா என்பதே அதைப் பொறுத்தது.

லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்கன், டெல்டா, யுனைடெட், அலாஸ்கா, சவுத்வெஸ்ட் ஐந்தும் பெரிய அளவில் இயங்குகின்றன. எந்த ஒன்றின் கையும் முழுதாக ஓங்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற ஒன்றரை மணி நேர ரூட்டில் அலுவல் பயணிகள் பார்ப்பது, ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு என்பதைத்தான். நாளுக்குச் சில விமானங்கள் மட்டும் ஓட்டும் நிறுவனத்துக்கு அந்தக் கூட்டம் வராது. மலிவு டிக்கெட் தேடுபவர்கள் மட்டும் வருவார்கள். அந்தக் கட்டணத்தில் செலவு கட்டாது.

ஜெட்ப்ளூவுக்கு அந்த ஆண்டு விமானப் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டியிருந்ததால் புதிய விமானங்கள் சில தரையிலேயே நின்றன. ஸ்பிரிட் என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனத்தை வாங்கும் திட்டத்தை ஜனவரியில் நீதிமன்றம் தடுத்தது. மார்ச்சில் அது கைவிடப்பட்டது. இருக்கிற விமானத்தை எங்கே பறக்கவிட்டால் காசு வரும் என்று பார்த்து, சாய்த்தால் கட்டிலாகும் 'மின்ட்' உயர்வகுப்பு இருக்கைகள் விலைபோகும் நியூயார்க், பாஸ்டன் ரூட்களை வைத்துக்கொண்டார்கள்.

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. நியூயார்க்கின் கென்னடி, லகார்டியா நிலையங்களில் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் வருகைக்கும் ஸ்லாட், அதாவது குறிப்பிட்ட நேரத்துக்கான அனுமதி, வேண்டும். ஒதுக்கிய ஸ்லாட்டில் 80 சதவீதமாவது பயன்படுத்தாவிட்டால் பறிபோகும். அதனால் அங்கே நஷ்டத்திலும் ஓட்டுவார்கள். லாஸ் ஏஞ்சலஸில் அப்படிப்பட்ட ஸ்லாட் கட்டுப்பாடு இல்லை, விட்டுவிட்டுப் போனாலும் இழக்க ஒன்றுமில்லை. வெட்டு முதலில் விழுவது இத்தகைய இடத்தில்தான். ஒருமுறை போன குறுந்தூர ரூட் சீக்கிரம் திரும்பி வரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

டிக்கெட் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. அது போதாது. ஐந்து அளவுகோல்கள் வேண்டும்.

1. வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல் வரை ஆகும் நேரம்.
2. மொத்தச் செலவு: பெட்டி, இருக்கைத் தேர்வு, பார்க்கிங், டாக்ஸி எல்லாம் சேர்த்து.
3. வழியில் கோளாறு வந்தால் யார் பொறுப்பு.
4. கட்டிய பணம் எப்போது, எந்த வடிவில் திரும்பும்.
5. திரும்பும் பயணம் ஒரு குறிப்பிட்ட நாளில் கட்டாயமா.

மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. பெரிய நஷ்டம் வருவதும் அதில்தான்.

## சட்டம் தரும் உரிமை

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ரீஃபண்ட் விதி 2024 அக்டோபர் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறுவனம் விமானத்தை ரத்து செய்து, அவர்கள் தரும் மாற்றை நீங்கள் ஏற்காவிட்டால், 'நான்-ரீஃபண்டபிள்' டிக்கெட்டாக இருந்தாலும் முழுப் பணமும் வந்தாக வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாட்களுக்குள், மற்ற வகைகளில் 20 நாட்களுக்குள். இருக்கைக்கும் பெட்டிக்கும் கட்டிய தனிக் கட்டணமும் சேர்த்துத்தான்.

ரத்து என்று சொல்லாமல் 'நேரமாற்றம்' என்று அனுப்பினாலும் கீழே உள்ள ஏதாவது ஒன்று இருந்தால் அதே உரிமை உண்டு:

- உள்நாட்டுப் பயணத்தில் 3 மணி நேரம், வெளிநாட்டுப் பயணத்தில் 6 மணி நேரம் அல்லது அதற்கு மேல், முன்கூட்டியே புறப்படுவதோ தாமதமாகச் சேர்வதோ
- புறப்படும் அல்லது சேரும் விமான நிலையம் மாறுவது
- கனெக்‌ஷன் எண்ணிக்கை கூடுவது
- கீழ் வகுப்புக்கு இறக்கப்படுவது

சட்டம் தராதவற்றையும் சொல்லிவிட வேண்டும். போட்டி நிறுவனத்தின் விமானத்தில் உங்களை ஏற்றிவிட வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவில் இல்லை. புதிய டிக்கெட்டின் கூடுதல் விலை, ஏற்கனவே கட்டிய ஹோட்டல் பணம் இவற்றுக்கும் நஷ்டஈடு கிடையாது. மாற்று விமானத்தை 'ஏற்கிறேன்' என்று ஒருமுறை அழுத்திவிட்டால் ரீஃபண்ட் உரிமை முடிந்தது. ஆகவே வரும் மின்னஞ்சலில் எந்தப் பட்டனையும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள்.

## வழி 1: நிறுவனம் தரும் மாற்று விமானம்

இது நல்லதா கெட்டதா என்பது நீங்கள் போகும் ஊரைப் பொறுத்து தலைகீழாக மாறும்.

மயாமி டிக்கெட் வைத்திருந்தவரை எடுத்துக்கொள்வோம். ஜெட்ப்ளூ மயாமியை விட்டாலும் அருகிலுள்ள ஃபோர்ட் லாடர்டேலை விடவில்லை; அது அவர்களுடைய பெரிய தளங்களில் ஒன்று. இரண்டு நிலையங்களுக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். ஃபோர்ட் லாடர்டேல் நிலையத்திலிருந்து ஷட்டில் பஸ் ஏறி, டிரை-ரயில் என்ற உள்ளூர் ரயிலின் நிலையம் போய், அங்கிருந்து மயாமி விமான நிலையம் வரை ரயிலிலேயே போகலாம். நேரடி விமானம், அதே நிறுவனம், விமானக் கட்டணத்தில் கூடுதல் காசு இல்லை. போக வேண்டிய இடம் மயாமிக்கு வடக்கே இருந்தால் முன்பைவிட வசதிகூட. இங்கே மாற்றை ஏற்பது சரி.

சியாட்டில் டிக்கெட்டோ வேறு கதை. மேற்குக் கரையில் ஜெட்ப்ளூவுக்கு இணைப்புத் தளம் கிடையாது. மாற்று என்று எதையாவது தந்தால் அது நியூயார்க் அல்லது பாஸ்டன் வழியாகத்தான் இருக்க முடியும். மூன்று மணி நேரப் பயணத்துக்காக நாட்டைக் குறுக்கே இரண்டு முறை கடக்க வேண்டும். காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கே 13, 14 மணி நேரம்.

ஏற்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள். காசு கட்டி எடுத்த இருக்கை புதிய விமானத்துக்கும் வந்திருக்கிறதா? பெரும்பாலும் தொலைந்துபோவது இதுதான்; குழந்தையோடு போகிறவர்கள் உடனே சரிபார்க்க வேண்டும். கனெக்‌ஷன் நேரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவா? அன்றைய கடைசி விமானத்தில் போட்டிருக்கிறார்களா? கடைசி விமானம் தவறினால் இரவு அங்கேதான். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் போன் செய்து வேறு நாள், வேறு நேரம் கேளுங்கள். ரூட்டை எடுத்தது அவர்கள் என்பதால் கட்டண வித்தியாசம் இல்லாமல் மாற்றித் தருவது வழக்கம். வேறு நிறுவனத்தில் போட்டுத்தர முடியுமா என்றும் கேளுங்கள். கட்டாயமில்லை என்றாலும் இரு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தம் இருந்தால் சில ஏஜென்ட்கள் செய்து தருவதுண்டு.

## வழி 2: ரீஃபண்ட் வாங்கி, அதே நிலையத்தில் போட்டி நிறுவனம்

குறுந்தூர ரூட்களுக்கு இதுவே பெரும்பாலானவர்களுக்குச் சரியான வழி. ஆனால் வரிசை முக்கியம். முதலில் ரீஃபண்டை அழுத்திவிட்டு அப்புறம் டிக்கெட் தேடாதீர்கள். ஒரு நிறுவனம் விலகியதும், அதே அறிவிப்பைப் பெற்ற எல்லாரும் அதே போட்டி விமானங்களைத்தான் தேடுவார்கள். மலிவான கட்டண அடுக்குகள் முதலில் தீரும்.

முதலில் புதிய டிக்கெட்டை வாங்குங்கள். பயணத்துக்கு 7 நாட்களுக்கு மேல் இருந்தால், நிறுவனத்திடமே நேரடியாக வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் செலவில்லாமல் ரத்து செய்ய முடியும் (சில நிறுவனங்கள் அதற்குப் பதில் காசு கட்டாமல் 24 மணி நேரம் பிடித்து வைக்கும் வசதி தரும்). அந்த ஒரு நாளுக்குள் ஹோட்டல், விடுப்பு, உடன் வருபவர் எல்லாவற்றையும் உறுதி செய்துகொண்டு, பிறகு பழைய டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் கேளுங்கள். பழைய பணம் வரும்வரை கார்டில் இரண்டு டிக்கெட் தொகையும் நிற்கும். லிமிட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர், சியாட்டில் போய்வர. பழைய டிக்கெட் ஆளுக்கு 180 டாலர், ரீஃபண்ட் 360. புதியது ஆளுக்கு 230, மொத்தம் 460. வித்தியாசம் 100 டாலர் என்று தோன்றும். ஆளுக்கொரு பெட்டி போட்டால் கணக்கு மாறும். 'பெட்டிக்குக் காசில்லை' என்று பெயர் வாங்கிய சவுத்வெஸ்ட்கூட 2025 மே 28 முதல் முதல் பெட்டிக்கு 35, இரண்டாவதுக்கு 45 டாலர் என்று வாங்கத் தொடங்கியது. போகவும் வரவும் இருவருக்கும் 140 டாலர். ஆக வித்தியாசம் 240. பழைய டிக்கெட்டில் பெட்டிக்குக் கட்டியிருந்தால் அது திரும்பும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கொடுத்தும் 14 மணி நேரச் சுற்றைத் தவிர்ப்பது லாபம்தான்.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அந்த நிலையத்தின் இணை ஓடுபாதைகளுக்கு இடையே 750 அடிதான். மேகம் தாழ்ந்துவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு விமானங்களை இறக்க முடியாது. இறங்கும் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகும். அப்போது தூரத்திலிருந்து வருபவை ஏற்கனவே வானில் இருக்கும் என்பதால், இன்னும் புறப்படாத குறுந்தூர விமானங்களைத் தரையிலேயே பிடித்து வைப்பார்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து போகும் விமானம் இதில் அடிக்கடி மாட்டும். கோடைக் காலை மூட்டத்தில் நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டிய வேலை இருந்தால் அருகிலுள்ள ஓக்லாந்து அல்லது சான் ஹோசே நிலையத்தைப் பாருங்கள்.

## வழி 3: பக்கத்து விமான நிலையம்

லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி பர்பேங்க், ஆன்டாரியோ (கலிஃபோர்னியாவில் உள்ளது), சான்டா ஆனாவின் ஜான் வெய்ன், லாங் பீச். நான்கும் சிறியவை, பாதுகாப்புச் சோதனை வரிசை பெரும்பாலும் குறைவு. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் வீடு என்றால் எல்.ஏ.எக்ஸ்.சுக்கு 405 நெடுஞ்சாலையில் ஊர்ந்து போவதைவிட பர்பேங்க் எவ்வளவோ மேல். மெட்ரோலிங்க் ரயிலும் அங்கே நிற்கும். டிக்கெட் 30, 40 டாலர் கூடுதலாக இருந்தாலும் டாக்ஸியிலும் பார்க்கிங்கிலும் அது திரும்பி வந்துவிடும். அர்வைன் பக்கம் இருப்பவருக்கு ஜான் வெய்ன், ரான்சோ குகமோங்கா பக்கம் இருப்பவருக்கு ஆன்டாரியோ.

மறைந்திருக்கும் ஆபத்து இரவுக் கட்டுப்பாடு. ஜான் வெய்னில் பயணிகள் விமானங்கள் புறப்பட இரவு 10 மணி வரைதான் அனுமதி, இறங்க 11 மணி வரை. காலையில் 7 மணிக்குத்தான் மீண்டும் புறப்படலாம், ஞாயிறுகளில் 8 மணிக்கு. இரவு 9:30க்குப் புறப்பட வேண்டியது 45 நிமிடம் தாமதமானால் அன்று போகாது. இரவு 10:40க்கு வந்து இறங்க வேண்டியது தாமதமானால் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடப்படலாம், உங்கள் கார் மட்டும் சான்டா ஆனாவில் நிற்கும். லாங் பீச்சிலும் இரவு 10 முதல் காலை 7 வரை கட்டுப்பாடு உண்டு. 2020 வரை லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஜெட்ப்ளூவின் தளமாக இருந்தது அதுதான், அந்த ஆண்டு அக்டோபரில்தான் எல்.ஏ.எக்ஸ்.சுக்கு இடம் மாறினார்கள். இந்த இரண்டு நிலையங்களில் அன்றைய கடைசி விமானத்தை எடுக்காதீர்கள்.

போகும்போது ஒரு நிலையம், திரும்பும்போது இன்னொன்று என்று மலிவைத் தேடிக் கலந்து வாங்கினால் பார்க்கிங் வசதி போய்விடும். காரை விட்டுப் போகிறவர் இரண்டு பக்கமும் ஒரே நிலையமாக வாங்குவது நல்லது.

## வழி 4: கிரெடிட்டாக வைத்துக்கொள்வது

ரீஃபண்ட் உரிமை இருக்கும்போது வவுச்சரை ஏற்பது பெரும்பாலும் தவறு. காலாவதித் தேதி இருக்கும், நீங்கள் போகும் ஊருக்கு அவர்கள் இனி பறப்பதே இல்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது நியூயார்க்கோ பாஸ்டனோ போகிறவர், அதுவும் கட்டிய தொகையைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஜெட்ப்ளூ தன் வாடிக்கையாளருக்குத் தரும் ட்ரூப்ளூ பயணப் புள்ளிகளைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், அவை காலாவதியாவதில்லை. 2025 மே மாதம் யுனைடெட்டுடன் அறிவித்த ப்ளூ ஸ்கை கூட்டணிப்படி ஒரு நிறுவனத்தின் புள்ளியை மற்றதில் சேர்க்கவும் செலவிடவும் வழி வந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் யுனைடெட் வலுவாக இருப்பதால், கைவிடப்பட்ட ஊர்கள் சிலவற்றுக்குப் புள்ளியை அப்படித் திருப்பலாம்.

## வழி 5: சாலை, ரயில்

லாஸ் வேகாஸ் சுமார் 270 மைல். சாலை காலியாக இருந்தால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். மூன்று பேருக்கு மேல் என்றால் காரே மலிவு. வெள்ளி மதியம் அங்கே போகும் 15-ஆம் எண் நெடுஞ்சாலையும் ஞாயிறு மதியம் திரும்பும் பக்கமும் நெரியும். அந்த நேரத்தில் ஆறேழு மணி நேரம்கூட ஆகும். 1997-க்குப் பிறகு இரு ஊர்களுக்கும் இடையே பயணிகள் ரயிலே இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோ 380 மைல், ஆறு மணி நேரம். கோஸ்ட் ஸ்டார்லைட் ரயில் ஓக்லாந்து வழியாகச் சியாட்டில் சேர 35 மணி நேரம்; ரயில் பயணத்துக்காகவே போகிறவர்களுக்கு அருமை, அவசரக்காரருக்கு ஆகாது.

## ஊர்வாரியாக

| போகும் ஊர் | முதலில் பார்க்க வேண்டியது | எப்போது வேறு வழி |
|---|---|---|
| மயாமி | வழி 1, ஃபோர்ட் லாடர்டேல் வழியாக | கப்பல் சுற்றுலா போன்று நேரம் இறுக்கமாக இருந்தால் வழி 2 |
| சான் ஃபிரான்சிஸ்கோ | வழி 3, ஓக்லாந்து அல்லது சான் ஹோசேவுக்கு | நகர மையத்தில் வேலை, மதிய விமானம் என்றால் வழி 2 |
| சியாட்டில் | வழி 2 | வீடு பர்பேங்க் அல்லது ஆரஞ்சு கவுண்டி பக்கம் என்றால் வழி 3 |
| லாஸ் வேகாஸ் | தனியாள் வழி 3, குடும்பம் வழி 5 | வெள்ளி, ஞாயிறு மதியங்களில் குடும்பத்துக்கும் விமானமே |
| கான்கூன் | வழி 2 | நாள் நெகிழ்வாக இருந்து, ஒரே இரவுத் தங்கலோடு மாற்று கிடைத்தால் வழி 1 |

## சென்னைக்குப் போகும் கனெக்‌ஷனாக இருந்தால்

லாஸ் ஏஞ்சலஸ் தமிழர்கள் சிலர் சான் ஃபிரான்சிஸ்கோ வரை ஒரு மலிவு டிக்கெட், அங்கிருந்து சிங்கப்பூர் வழியாகச் சென்னைக்குத் தனி டிக்கெட் என்று வாங்குவதுண்டு. ரூட் எடுக்கப்படும்போது மிகவும் சிக்கலில் மாட்டுவது இவர்கள்தான். உள்நாட்டு நிறுவனம் தன் 90 டாலரைத் திருப்பித் தந்துவிட்டு விலகிவிடும். நீங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ போய்ச்சேராவிட்டால் சர்வதேச நிறுவனம் 'நோ-ஷோ' (வராத பயணி) என்று குறித்து, திரும்பி வரும் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்யும்.

இரண்டும் ஒரே டிக்கெட் எண்ணில் இருந்தால் நிலைமை வேறு: டிக்கெட் கொடுத்த நிறுவனம் மொத்தப் பயணத்தையும் சரிசெய்து தர வேண்டியிருக்கும். அப்போது அந்த ஒரு துண்டுக்கு மட்டும் ரீஃபண்ட் கேட்டு நீங்களாகப் பிரித்துவிடாதீர்கள். இங்கே வழி 1 மட்டுமே சரி.

தனித்தனி டிக்கெட் என்றால் முந்தின நாளே சான் ஃபிரான்சிஸ்கோ போய்விடும்படி புதிய டிக்கெட் எடுங்கள், அல்லது காரில் போங்கள். இனிமேல் வாங்கப்போகிறவர்களுக்கு: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ், கத்தார் மூன்றும் லாஸ் ஏஞ்சலஸிலிருந்தே அவரவர் தளத்துக்கு நேரடியாகப் பறந்து சென்னைக்கு இணைப்பவை. 60, 70 டாலர் கூடினாலும் அதுவே பாதுகாப்பு.

## ரீஃபண்ட் கேட்கும்போது

ரத்து அறிவிப்பையும் பழைய கால அட்டவணையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் புதிய விமானம் ஏறியதும் பழையது மறைந்துவிடும். ஆப்பில் சாதாரண 'கேன்சல்' பட்டனை அழுத்தினால் நீங்களாக ரத்து செய்ததாகக் கணக்கில் ஏறி, பணம் கிரெடிட்டாகப் போகக்கூடும். 'நிறுவனம் செய்த மாற்றத்தால் ரீஃபண்ட்' என்ற தனி இணைப்பையோ படிவத்தையோ தேடுங்கள். இல்லாவிட்டால் போனில் பேசி, கட்டிய வழியிலேயே பணம் வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஏஜென்சி வழியாக வாங்கியிருந்தால் கார்டு ஸ்டேட்மென்டைப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பணம் தர வேண்டியவர். ஏஜென்சி பெயர் இருந்தால் விமான நிறுவனத்திடம் பேசிப் பயனில்லை.

7 வேலை நாள் தாண்டியும் வரவில்லை என்றால் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பெற்றுக்கொண்டதாகவும் 60 நாளுக்குள் முழுப் பதிலும் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். கூடவே போக்குவரத்துத் துறையின் இணையப் படிவத்திலும் பதிந்துவிடுங்கள். டிக்கெட் எண், ரத்து அறிவிப்பு வந்த தேதி, நீங்கள் மறுத்த தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். கார்டு வங்கியில் ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டப்படி உள்ள அவகாசம் ஸ்டேட்மென்ட் அனுப்பியதிலிருந்து 60 நாள்தான், எனவே நிறுவனத்தின் பதிலுக்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள்.